நடுவில் நிற்கிறவர்கள்

உங்கள் கழுத்தில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறது, அம்மிணி. கழற்ற மறந்துவிட்டீர்களா? இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் இந்த சீட்டில் வந்து உட்கார்ந்தேன். பின்னால் இடம் இருக்கிறது, இருந்தாலும் கம்ப்யூட்டர் மாநாட்டிலிருந்து வருகிற ஆள் இந்த பஸ்ஸில் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் ஈரோடு. நான் அவிநாசி. அதற்குள் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நாளை மாநாட்டின் இரண்டாம் நாள். காலையில் ஆசீர் என்று ஒருவன் என் முன்னால் வந்து உட்காரப் போகிறான். செத்துப்போன ஒரு பெண் என்னிடம் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்கப் போகிறான். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னது எனக்கு நினைவில் இல்லை.

வயதாகிவிட்டது, மறந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். மில் கதவடைப்பின்போது நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பை இப்போதுகூட வரி பிசகாமல் சொல்வேன். என் பெயர் சென்னியப்பன். தோழர் சென்னியப்பன் என்றால் சிங்காநல்லூரில் ஒரு காலத்தில் மேனேஜர்கள் காரை வேறு வழியில் திருப்பிக்கொண்டு போவார்கள். ஸ்பின்னிங்கில் வேலை. பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரம். முதலில் அடுத்தவர்கள் போட்டதைப் படித்தேன். பிறகு நானே எழுதிப் போட்டேன். முதலாளி மில்லைப் பூட்டினான். சங்கம் கரைந்தது. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் செத்தார்கள், பாதிப் பேர் வீட்டு புரோக்கர் ஆனார்கள். மாடியில் இருந்த சங்க அறை மட்டும் என் கையில் மிஞ்சியது.

அந்த அறையைத்தான் இளம்பரிதி வந்து கேட்டான். உங்கள் மாநாட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தானே, தாடி வைத்தவன், அவன்தான். பழைய தோழர் ஒருவரின் மகன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடிக்கொள்கிறோம் மாமா, கட்டற்ற மென்பொருள் குழு என்றான். அது என்னடா என்றேன். ஒருவர் எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம், பூட்டே கிடையாது என்றான். இதைத்தானே நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம்? சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் மாநாடு போட ஆரம்பித்ததும் திறப்புரை என்னுடையது. அறிவைப் பூட்டி வைக்கிறவன் திருடன் என்று தொடங்குவேன். கைதட்டுவார்கள். ஆண்டுக்கு இரண்டு மாநாடு, சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. மாநாடு என்கிறார்கள். கொடி இல்லை, ஊர்வலம் இல்லை, தீர்மானம் இல்லை. பனியனும் ஸ்டிக்கரும் கொடுக்கிறார்கள். போகட்டும்.

அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். நிரலில் ஒரு சிக்கல், எங்கே தப்பு என்று புரியவில்லை. உடனே தெரிந்தவரிடம் ஓடக் கூடாது. ஒன்றும் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் மேசை மேல் ரப்பர் வாத்து வைத்துக்கொண்டு அதனிடம் சொல்வார்களாம். இவர்களிடம் வாத்து இல்லை. நான் இருந்தேன்.

வந்து உட்காருவார்கள். தோழர், இது இங்கிருந்து இதை எடுக்குது, அங்க கொண்டுபோய் வைக்குது என்பார்கள். நான் மேலே சொல்லு என்பேன். சொல்லிக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று கண் அகலும். கிடைச்சிருச்சு தோழர் என்று எழுந்து ஓடுவார்கள். எத்தனை பேருக்குத் தீர்த்து வைத்திருக்கிறேன் தெரியுமா? பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள். மாநாட்டில் எனக்கென்று தனி மேசையே போட்டார்கள். தோழரிடம் சொல்லுங்கள் என்று எழுதி வைத்தார்கள். அரங்கில் பேசுகிறவனுக்கு ஆள் இருக்காது, என் மேசைக்கு வரிசை நிற்கும். இளம்பரிதி கேலி பேசுவான், நீங்கதான் மாமா எங்க வாத்து என்று. வாத்துக்கு என்னடா தெரியும் மேலே சொல்லு என்று சொல்ல?

என்ன? இருங்கள், வருகிறேன். அவளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கோகிலவாணி. எங்கள் மில்லில் இருந்த வையாபுரியின் மகள். வையாபுரி நல்லவன், கோழை. மகள் அப்படி இல்லை. கருமத்தம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். எதைக் கற்றுக்கொண்டாலும் அடுத்த ஞாயிறே மற்றவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டிவிடுவாள். வைத்துக்கொள்ளவே தெரியாது அவளுக்கு. வேலை ஒரு கம்பெனியில். டயாலிசிஸ் சென்டர்கள் இருக்கின்றன அல்லவா, சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரம் இரண்டு மூன்று தடவை போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற இடம். அப்படிப் பல ஊர்ச் சென்டர்களுக்கு, யாருக்கு எந்த நாள், எந்த நேரம் என்று முறை போட்டுக் கொடுக்கிற நிரல். அதை எழுதியவள் அவள்.

போன மாசியில் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தாள். கம்பெனி ஆசீர் என்று ஒருவனைப் புதிதாக எடுத்திருக்கிறது, நாசரேத் பக்கத்துப் பையன், பங்குனி முடிவதற்குள் தனக்குத் தெரிந்ததை எல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம் தனக்கு வேலை இல்லை என்றாள். அவனுக்குச் சம்பளம் குறைவு, அவ்வளவுதான். இதற்கு உங்கள் தொழிலில் ஒரு பெயர் வைத்திருக்கிறீர்களே, கேட்டி, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்று. தன் குழியைத் தானே வெட்டிக் கொடுப்பதற்கு இங்கிலீஷில் இரண்டெழுத்துப் பெயர்.

நான் அவளுக்கு எங்கள் ஃபிட்டர் பொன்னுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். புது ஆளுக்கு மெஷினில் எல்லாத் திருகையும் காட்டுவார். ஒன்றை மட்டும் காட்ட மாட்டார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் மெஷின் நின்றால் வீட்டுக்கு வண்டி வரும். நீயும் ஒன்றை வைத்துக்கொள் கண்ணு, தானாகக் கூப்பிடுவார்கள் என்றேன்.

அவள் சிரித்தாள். "மேடையில பூட்டக் கூடாதுன்னு சொல்றீங்க. இங்க பூட்டுங்கறீங்க. எது நெசமுங்க தோழர்?"

மேடை வேறு, வயிறு வேறு என்றேன். சரியான பதில்தானே? தோழர்களுக்குள் பகிர வேண்டும், முதலாளிக்குப் பகிரக் கூடாது. இடம் பார்த்துச் செய்ய வேண்டும். இதைக்கூடவா விளக்க வேண்டும்?

சித்திரை மாநாட்டுக்கு வந்தாள். அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கம்பெனியில் கடைசி நாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை. இதைத்தான் அம்மிணி நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரண்டு கையையும் மூடிய லேப்டாப் மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணை வச்சுக்கிட்டேனுங்க தோழர். நீங்க சொன்னாப்பல."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எத்தனை வருடம் கழித்து ஒரு ஆள் என் பேச்சைக் கேட்டுக் காரியத்தில் இறங்கியிருக்கிறாள்! அந்த நிமிடமே தலைப்பு கிடைத்துவிட்டது: கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே போ. அடுத்த வரியும் வந்தது, அதற்கடுத்ததும். அவள் பேசிக்கொண்டிருந்தாள். அது என்ன, எப்படி வைத்துக்கொண்டாள் என்று விவரமாகச் சொன்னாள். மேசை மேல் விரலால் என்னவோ வரைந்து காட்டினாள். நான் தலையாட்டினேன். தலைக்குள் பிரசுரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பொறுக்க முடியாமல் நான் பேச ஆரம்பித்தேன். நல்ல பேச்சு. இருபது வருடமாக அப்படி ஒரு பேச்சு எனக்கு வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடக் கிட்டே வந்து கேட்டார்கள்.

"தோழர், ஒரு நிமிஷமுங்க" என்றாள்.

நான் நிறுத்தவில்லை.

இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு நான் பேசுவதைக் கேட்டாள். கடைசியில் நானே டீயை அவள் பக்கம் தள்ளினேன், ஆறிப் போயிருந்தது. குடித்துவிட்டு, வரட்டுங்களா என்று போனாள்.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனி வாசலில் பிரசுரம் கொடுத்தேன். நானே நின்று, நானே கொடுத்தேன். எங்கள் தோழி ஒரு திருகைத் தன்னிடம் வைத்திருக்கிறாள், தேடிக்கொண்டு வருவீர்கள் என்று முடித்திருந்தேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, அந்த வாரம் அங்கிருந்து வெளியே போனவள் அவள் ஒருத்திதான்.

இந்த நீலாம்பூர் பாலம் தாண்டும்வரை நான் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் ஜன்னலைச் சாத்தினால் நல்லது.

சரி. தாண்டிவிட்டோமா?

அங்கேதான். அந்த வாரமே, புதன்கிழமை, கோடை மழை. லாரிக்காரன் தப்பு. போலீஸும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. விபத்துக்கு என்ன காரணம் சொல்ல முடியும்? வையாபுரி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். எப்போதுமே அவன் எதிரே நிற்க மாட்டான், கோழை என்று சொன்னேனே.

அதிலிருந்து ஒரு சங்கடம். யாராவது என் முன்னால் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால், பக்கத்தில் அவள் குரல் கேட்கிறது. தோழர், ஒரு நிமிஷமுங்க. வீட்டில் மிக்ஸி ஓடும்போது கேட்கிறது. கூட்டத்தில் மைக் கொஞ்சம் கீச்சிட்டால் அதற்குள் கேட்கிறது. சிரிக்காதீர்கள். பேய் பிசாசு எல்லாம் ஏமாற்று என்று பிரசுரம் போட்டவன் நான். சுடுகாட்டில் பாய் விரித்துப் படுத்துக் காட்டியவன். இது பேய் இல்லை, காது. டாக்டரிடம் போனேன். காது நன்றாக இருக்கிறது என்கிறார்.

இனி இன்றைய விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று என் மேசைக்கு யாரும் வரவில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள், மாடிப்படி ஓரம். இப்போதெல்லாம் போனிலேயே ஏதோ ஒரு மெஷினிடம் கேட்டால் அது பதில் சொல்லிவிடுகிறதாம். யாரோ விளையாட்டுக்கு என் மேசையில் ஒரு மஞ்சள் வாத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இளம்பரிதி மத்தியானம் வந்து தோளில் கை வைத்து, அடுத்த மாநாட்டுல நீங்க அரங்கத்துல முன் வரிசையில உக்காருங்க மாமா, இந்த மேசை எதுக்கு உங்களுக்குச் சிரமம் என்றான். முன் வரிசை யாருக்கென்று எனக்குத் தெரியாதா? இனிப் பேச விடக் கூடாத தலைவர்களை உட்கார வைக்கிற இடம்.

அவன் போன கையோடு ஒருவன் வந்து உட்கார்ந்தான். முகம் காய்ந்து கிடந்தது. ஐயா என்றான். தோழர் என்று சொல்லவில்லை. நான் ஆசீர் என்றான்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நோயாளி ஒருவர் ஒரு சென்டரிலிருந்து இன்னொரு ஊர்ச் சென்டருக்கு மாறினால், பழைய இடத்தில் பெயர் போய்விடுகிறது. புது இடத்தில் வர மாட்டேன் என்கிறது. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. அவர்கள் எங்கே போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாகத் தேடுகிறான். மாறுகிறவர்களுக்கெல்லாம் அவனே போன் செய்து முறை போட்டுக் கொடுக்கிறான். சிலர் விட்டுப்போகிறார்கள். போன மாதம் பல்லடத்தில் ஒருவரை மூச்சு வாங்க வாங்கத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிழைத்துவிட்டார். அடுத்தவர் பிழைப்பாரா என்று தெரியாது ஐயா என்றான்.

எல்லாத்தையும் அக்கா சொல்லித் தந்தாங்க என்றான். கேட்காததைக்கூடச் சொல்லித் தந்தாங்க. இந்த ஒண்ணு மட்டும்தான். முதல் ஆள் காணாமல் போன அன்றைக்கே அவளுக்குப் போன் செய்திருக்கிறான். அவள் உடனே, ஐயோ, அது எனக்குத் தெரியும் என்றாளாம். போன்லயே சொல்லுங்கக்கா என்றிருக்கிறான்.

"போன்ல வேண்டாம்னாங்க ஐயா. வாசல்ல அந்த நோட்டீஸ் குடுத்ததுலேர்ந்து ஆபீஸ்ல என் போனைப் பதிவு பண்ணுதாங்க, வக்கீலை வச்சிருக்காங்கன்னு அக்காவுக்குத் தெரியும். ஹோப் காலேஜ் பேக்கரிக்கு வாங்க, நேர்ல காட்டுதேன், இப்பவே கிளம்புதேன்னாங்க. நான் பேக்கரியில எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

பாருங்கள் அம்மிணி, முதலாளி எப்படிப்பட்டவன் என்று. தொழிலாளி போனை ஒட்டுக் கேட்கிறான். அதைத்தான் நான் ஆசீரிடமும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"அக்கா உங்ககிட்டதான் எல்லாம் சொல்லுவாங்களாம். இதை எதுவும் சொன்னாங்களா ஐயா?"

எதிரே இளம்பரிதி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மேசையில் அந்த வாத்து.

சொன்னாள் என்றேன்.

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேனாவை எடுத்துவிட்டான். இங்கே வேண்டாம், நாளைக் காலை வா என்று அனுப்பிவிட்டேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. மேலும், பொய்யும் இல்லை. சொன்னாள்தானே? என்னிடம்தான் சொன்னாள். உலகத்தில் என் ஒருவனிடம்தான் சொன்னாள். நீங்களும் இதே வேலை. எப்படி இருக்கும், என்ன சொல்லியிருப்பாள் என்று கொஞ்சம் யோசித்து எனக்கு ஒரு வழி காட்டினால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

மறுபடி முதலிலிருந்தா? சொல்கிறேன்.

உட்கார்ந்தாள். லேப்டாப் மூடியிருந்தது. ஒண்ணை வச்சுக்கிட்டேனுங்க என்றாள். பிறகு விரலால் மேசை மேல், டீ சிந்தியிருந்தது, அதைத் தொட்டு ஒரு கட்டம் போட்டாள். இது ஒரு சென்டருங்க. இந்தப் பக்கம் இன்னொரு கட்டம். இது ஒண்ணுங்க. இங்கிருந்து ஒருத்தர் அங்க மாறிப் போறாரு. அங்க எடம் காலியா இருந்தா நேராப் போயிருவாரு. எடம் இல்லீன்னா…

இருங்கள். பேசாதீர்கள்.

எடம் இல்லீன்னா நடுவுல நிப்பாரு. மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். இரண்டுக்கும் நடுவில். ஆமாம். சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு ஆரம்பத்துல நானே ஒரு பொய்ச் சென்டர் போட்டேனுங்க தோழர். அப்படி ஒரு சென்டர் எந்த ஊர்லயும் இல்லை. ஸ்கிரீன்ல யாருக்கும் தெரியாது. எங்கப்பா மில் பேருதான் அதுக்கு வச்சேன். எடம் கிடைக்காதவங்க எல்லாரும் அங்க வந்து நிப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே போய்ப் பாத்து, ஒவ்வொருத்தரா எடுத்து, எங்க காலியோ அங்க அனுப்பி விடுவேன். கையாலதான். அஞ்சு நிமிஷ வேலைங்க. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. அதைத்தான் வச்சுக்கிட்டேன்.

இதுதான். இதுதான் அம்மிணி! அப்படியே வந்துவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானே கண்டுபிடித்துவிட்டேன். என் நினைவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேனா இல்லையா?

அதற்குப் பிறகா? அதற்குப் பிறகும் சொன்னாள். அதற்குள் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். தோழர், ஒரு நிமிஷமுங்க. வச்சுக்க மனசு வர மாட்டேங்குது. அங்க நிக்கறவங்க நெனப்பாவே இருக்குது. ஆசீர்கிட்டச் சொல்லிரட்டுங்களா? நீங்க சரின்னா இன்னைக்கே சொல்லீர்றேன்.

ஆமாம். அப்படித்தான் கேட்டாள். இரண்டு தடவை.

நான் என்ன சொன்னேனா? பிரசுரம் முதலில் வரட்டும் என்று சொல்லியிருப்பேன். போராட்டத்தில் அவசரம் கூடாது.

நாளை ஆசீரிடம் அந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் பார்க்க, அந்த மேசையில் வைத்து. அவள் கடைசியில் கேட்டது அவனுக்குத் தேவையில்லை. நிரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

என்ன, இன்றைக்கு என்ன கிழமை? சனிதான். அதற்கென்ன? நாளைக் காலை சொன்னால் என்ன கெட்டுப்போகும்? திங்கட்கிழமை முறை இருக்கிறவர்களுக்கு இன்றே ஏற்பாடு செய்ய வேண்டுமா? ஒரு ராத்திரிதானே அம்மிணி.

என்ன செய்கிறீர்கள்? யாருக்கு எழுதுகிறீர்கள்? மாநாட்டு வாட்ஸாப் குழுவிலா? அதில் எல்லாரும் இருப்பார்களே. இளம்பரிதி இருப்பான். வேண்டாம். அது நான் சொல்ல வேண்டியது. அதை நிறுத்துங்கள்.

அனுப்பிவிட்டீர்களா?

யார் சொன்னதாகப் போட்டீர்கள்? கோகிலவாணி சொன்னதாகவா. சரி. என் பெயர் எங்கேயும் இல்லையா? ஒரு ஓரத்திலாவது?

ஆசீர் பதில் போட்டுவிட்டானா, அதற்குள்ளாகவா? படியுங்கள். சென்டர் இருக்கு. உள்ளே நாலு பேர் நிக்காங்க என்கிறானா? பெயரெல்லாம் வேண்டாம், படிக்க வேண்டாம். நாலு பேர் போதும்.

நீங்கள் எதுவரை எழுதினீர்கள், அம்மிணி? அவள் கேட்டதையும் எழுதினீர்களா? காட்டுங்கள். எழுத்து பொடியாக இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நீங்களே படியுங்கள். மெதுவாக. அவள் அவ்வளவு வேகமாகப் பேச மாட்டாள்.

ம்.

ம்.

கண்டக்டர் அவிநாசி அவிநாசி என்றுதான் கத்துகிறார், கேட்கிறது. கத்தட்டும். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்துகொள்கிறேன். அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள்.